மாடி ரூம்தான் சூடு

காக்ஸ் டவுன், பெங்களூர்
12 ஜூன் 2003

கர்த்தருக்குள் மிகவும் பிரியமான ஜூடித் பெரியம்மாவுக்கு,

உங்கள் தங்கை நோராவின் ஒரே மகள் லீனா ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் தேவ கிருபையால் சுகம். அங்கே வேலூரில் உங்கள் சுகத்துக்கும், உங்கள் முழங்காலுக்கும், உங்கள் வீட்டு ஏசிக்கும் தவறாமல் ஜெபித்து வருகிறோம். ஏசிக்கு எதற்கு ஜெபம் என்று கேட்பீர்கள். நம் சொந்தத்தில் ஏசி வைத்திருப்பது நீங்கள் ஒருவர்தான் என்பதால் அப்பா அதையும் குடும்பத்தில் ஒருவராகச் சேர்த்துக்கொண்டுவிட்டார். இவ்வளவு தூரம் படித்தும் உங்களுக்குத் தும்மல் வரவில்லை என்பதைக் கவனிக்கவும். போன கடிதத்தில் வைத்த மிளகுத்தூளை இந்த முறை வைக்கவில்லை. அவ்வளவு சீரியஸான கடிதம்.

விஷயம் இதுதான். வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அப்பா உங்களுக்கு எஸ்.டி.டி. போட்டு, எந்தக் கம்பெனி ஏசி வாங்கலாம் என்று கேட்கப் போகிறார். நீங்கள் பெரிய மனது பண்ணி, "ஏசியே வேண்டாம் தியோடர்" என்று சொல்லிவிட வேண்டும். நான் சொன்னால் விளையாட்டு என்பார்கள். நீங்கள் முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவர். நீங்கள் சொன்னால் வேத வாக்கியம்.

எங்கள் மாடி ரூம் உங்களுக்குத் தெரியும். பழைய வீட்டின் தலையில் தொப்பி மாதிரி அப்பா பிற்பாடு கட்டிய ஒற்றை ரூம், மேற்கே பார்த்த ஜன்னல், அப்பாவும் அம்மாவும் படுப்பது அங்கேதான். மார்ச் மாதம் ஒரு நாள் அம்மா, "ரூம் கொதிக்குதுங்க, படுக்க முடியல" என்றாள். அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, யாரோ பெங்களூரையே கெட்ட வார்த்தையில் திட்டியது போல ஆகிவிட்டது. அவர் சின்ன வயசில் இந்த ஊரில் ஃபேனே கிடையாதாம், மே மாதத்திலும் கம்பளி போர்த்தினார்களாம், இதை நான் தாலாட்டுக்குப் பதிலாகக் கேட்டு வளர்ந்தவள். ஆனாலும் மனைவி சொல்லிவிட்டாள் என்று மறுநாளே மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடித்தார், அதற்கும் சூடு தணியவில்லை என்று அம்மா சொல்ல, ஜன்னலுக்கு மூங்கில் தட்டி கட்டினார், அதற்கும் தணியவில்லை என்றதும் மண்டியிலிருந்து சாக்குகளை வாங்கிவந்து நனைத்து மொட்டை மாடி முழுக்க விரித்தார், பக்கத்து வீட்டு லாயிட் அங்கிள் கீழே நின்றபடி, "என்னா தியோடர், மேல வெங்காய மண்டி எதுனா ஆரம்பிச்சிருக்கியா?" என்று கேட்டார். அப்பா கணக்கு வாத்தியார் அல்லவா, எதையும் அளக்காமல் விடமாட்டார். ஸ்கூல் லேபிலிருந்து ஒரு தெர்மாமீட்டர் கடன் வாங்கிவந்து கட்டிலுக்கு மேலே ஆணியடித்து மாட்டினார். அதை நான் எடுத்து என் டீயில் கொஞ்ச நேரம் முக்கிவிட்டு, அவர் படியேறி வரும் சத்தம் கேட்டதும் மாட்டிவிட்டேன். அம்பத்தெட்டு டிகிரி. அப்பா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார், பிறகு கீழே போய், "நோரா, ஏசி போட்டுடலாம்" என்றார். நான் சிரிப்பதற்கு வாயைத் திறந்தேன், அம்மாவின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன். அவ்வளவு ஆறுதல் அந்த முகத்தில்.

அன்றிலிருந்து அம்மா ஏசாத நாள் இல்லை, அப்பா ஏசி பேசாத நாள் இல்லை. அம்மா முன்பெல்லாம் என்னை ஏசினால் அதில் ஒரு ராகம் இருக்கும், இப்போது வெறும் ஏச்சு. சாம்பாரில் உப்பு ஒரு நாள் இரண்டு தடவை விழுகிறது, மறுநாள் விழுவதே இல்லை. சரியாகத் தூங்கி மூன்று மாதமாவது இருக்கும். காலையில் நான் எழுந்து வரும்போது மாடிப்படியின் நடுவில் உட்கார்ந்து, சுவரில் கன்னத்தை ஒட்டவைத்துக்கொண்டு இருக்கிறாள். "என்னம்மா?" என்றால், "ரூம் சூடு." அவ்வளவுதான் பதில். பாடகர் குழுவிலிருந்தும் நின்றுவிட்டாள். தொண்டை சரியில்லையாம். தொண்டைக்கு ஒன்றும் இல்லை பெரியம்மா, என்னை ஏசும்போது மூன்று வீடு கேட்கிறது. அந்தக் கனமான அங்கியைப் போட்டுக்கொண்டு ஒன்றரை மணி நேரம் நிற்க முடியவில்லை, அதுதான் விஷயம். ஈஸ்டருக்கு அம்மா இல்லாமல் ஆல்டோ குரல் பாடும் பெண்கள் வரிசையில் ஒரு இடம் காலியாக இருந்தது. அப்பா அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்.

போன வாரம் பிரேசர் டவுனில் கடைக்குப் போனோம். மழை பிடித்துவிட்டது, கடையில் எங்களைத் தவிர ஏசி வாங்க ஒரு ஜீவன் இல்லை, விற்பனையைப் பார்த்துக்கொண்ட ராஜேந்திரன் என்பவரே ஸ்வெட்டர் போட்டிருந்தார். ஜன்னலில் பொருத்துவதா, சுவரில் ஒன்றும் வெளியே ஒன்றுமாக வைக்கும் ஸ்பிளிட்டா என்று ஆரம்பித்தார். ஜன்னல் ஏசி என்றால் தட்டியும் போய் வெளிச்சமும் போய்விடும், சத்தமும் அதிகம், ஸ்பிளிட் என்றால் வெளியே வைக்கும் பெட்டி லாயிட் அங்கிளின் பால்கனியைப் பார்த்து ஊதும், அவர் ஏற்கெனவே எங்கள்மேல் ஊதிக்கொண்டிருக்கிறார். அப்புறம் ரூம் நீளம் அகலம் கேட்டார், அப்பா அதை அங்குலத்தில் சொன்னார். "எத்தனை பேரு சார் படுப்பீங்க?" என்றார். "ரெண்டு பேர்." "அப்போ ஒன் டன் சாக்கு சார்." சாக்கு என்றால் கன்னடத்தில் போதும் என்று அர்த்தம் பெரியம்மா, கோணி இல்லை. கோணிச் சாக்கு போதாமல்தானே கடைக்கே வந்தோம். அப்பா, "ஆனா வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அந்த ரூம்லதான் எங்க ஜெபக்கூட்டம். இருபத்திரெண்டு பேர் வருவாங்க" என்றார். ராஜேந்திரனின் பேனா நின்றுவிட்டது. "இருபத்திரெண்டா? அந்த ரூம்லயா?" "நெருக்கி உக்காருவோம்." "பாட்டெல்லாம் பாடுவீங்களா சார்?" "பாடுவோம். கை தட்டுவோம்." பாடினால் சூடு ஏறும், தட்டினால் இன்னும் ஏறும் என்று கூட்டிக் கூட்டி ராஜேந்திரன் இரண்டு டன்னில் வந்து நின்றார். இரண்டு டன் என்றால் தனியாக ஒயர் இழுக்க வேண்டும், மீட்டர் மாற்ற வேண்டும். உண்மை பேசி இவ்வளவு கஷ்டத்தை இழுத்துக்கொள்ள எங்கள் அப்பாவால்தான் முடியும் என்று நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டேன்.

அடுத்த நாளே வெள்ளிக்கிழமை. கூட்டம் நடந்தது, வழக்கமாக டிமிக்கி கொடுத்துவிடும் நானும் அன்று போய் உட்கார்ந்தேன். மழையால் பாதிப் பேர் வரவில்லை போலிருக்கிறது. வந்தவர்களும் ஜன்னலைச் சாத்தச் சொல்லி, முந்தானையையும் மப்ளரையும் இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் குறும்பு எதுவும் இல்லாமல், நல்ல பிள்ளையாகத் தெர்மாமீட்டரைப் பார்த்தேன். இருபத்துமூன்று. அம்மா மட்டும் நெற்றி, கழுத்து, மேலுதடு எல்லாம் முத்து முத்தாக வேர்த்து, பாட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டிருந்தாள். முகம் அடுப்பைப் பார்த்த மாதிரி சிவந்திருந்தது. சற்று நேரத்தில் அதுவே தானாக அடங்கி, குளிர்கிறது என்று சால்வையைத் தேடினாள். எல்லாரும் போன பிறகு நான் மெதுவாக, "ரூம் இருபத்துமூணுதாம்மா" என்றேன். அம்மா பாயைச் சுருட்டிக்கொண்டே, "அது உனக்கு" என்றாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வேலூரில் பிறந்து, வேலூர் வெயிலில் பேட்மிண்டன் ஆடி வளர்ந்த அம்மாவைப் பெங்களூர் மழைக்காலமா சுடப் போகிறது? சூடு ரூமில் இல்லை, அம்மாவிடம் இருக்கிறது. மாதவிலக்கு நிற்கிற வயசில் இப்படி வரும் என்று எங்கள் பயாலஜி புத்தகத்தில் இரண்டு வரி இருக்கிறது. அந்த இரண்டு வரியையும் மிஸ், "நீங்களே படிச்சிக்கோங்க" என்று சொல்லித் தாண்டிவிட்டார். தவளைக்கு ஒரு வாரம் ஒதுக்கினார். அம்மா இதை அப்பாவிடம் சொல்ல மாட்டாள், என்னிடமும் சொல்லவில்லை, உங்களிடமும் சொல்லியிருக்க மாட்டாள் என்று தோன்றுகிறது. எங்கள் வீட்டில் எல்லா வியாதிக்கும் பேர் சொல்லி ஜெபிப்போம், இதற்கு மட்டும் பேரே கிடையாது. அதனால் பழியை ரூம்மேல் போட்டுவிட்டாள், பாவம் ரூம் வாய் திறக்காது. ஏசியும் வந்துவிட்டால் ரூம் ஐஸ் பெட்டியாகும், அப்போதும் அம்மாவுக்கு வேர்க்கும், அப்போது எதன்மேல் பழி போடுவாள்? எனக்கு அதுதான் பயம். கொஞ்சம் சிரித்துவிட்டு எழுதலாம் என்று பார்த்தேன், வரவில்லை.

அதனால் நான் ஒரு காரியம் செய்தேன். நம் குடும்பத்தில் பெரிய முடிவு என்றால் சீட்டு எழுதி, பைபிளில் வைத்து, ஜெபித்து எடுப்பது வழக்கம், உங்களுக்குத் தெரியும். போன ஞாயிறு அப்பா ஜன்னல், ஸ்பிளிட், வேண்டாம் என்று மூன்று சீட்டு எழுதி, பைபிளில் சங்கீதப் பகுதியில் வைத்தார். அவர் கை கழுவப் போன நேரத்தில் நான் மூன்றையும் எடுத்துவிட்டு, மூன்றிலும் "வேண்டாம்" என்று எழுதி வைத்துவிட்டேன். எது எடுத்தாலும் வேண்டாம்தான் வர வேண்டும். ஜெபித்தார், கண்ணை மூடிக்கொண்டே ஒன்றை எடுத்தார், பிரித்தார், கொஞ்ச நேரம் பார்த்தார். "ஸ்பிளிட்" என்றார். சீட்டை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பெரியம்மா, நான் கண்ணால் கண்ட ஒரே அற்புதம் இதுதான். அன்றிலிருந்து இரண்டு வேளை பைபிள் வாசிக்கிறேன்.

அற்புதத்துக்கு எதிராக உங்களால் மட்டும்தான் பேச முடியும். போன் வந்தால் ஏசி வேண்டாம் என்று சொல்லுங்கள், நோராவைக் கொஞ்ச நாள் வேலூருக்கு அனுப்பு என்று சொல்லுங்கள், நல்ல லேடி டாக்டரிடம் காட்டுங்கள், அப்படியே அப்பாவிடம் நடப்பதை எடுத்துச் சொல்லுங்கள். அவருக்கு எக்ஸ், ஒய் புரியும், இதெல்லாம் புரியாது. சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உங்கள் முழங்காலும் நீங்களும் நீடித்த சுகத்தோடு இருக்கவும், இந்தக் கடிதம் ஞாயிற்றுக்கிழமைக்குள் உங்கள் கையில் சேரவும் ஆண்டவர் தபால்காரருக்கு நல்ல கால் தருவாராக.

இப்படிக்கு,
அடங்கிப்போயிருக்கும் உங்கள் அன்பு மகள்,
லீனா

பின்குறிப்பு: மேலே எழுதியது முழுக்க ரத்து.

ஸ்டாம்ப் கேட்டு அப்பாவிடம் போனேன். டெஸ்ட் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தார். யாருக்கு என்றார். உங்களுக்கு என்றேன்.

"ஏசி வேணாம்னு சொல்லச் சொல்லி எழுதியிருப்ப."

நான் கவரை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

"வேண்டாம்ல நீ போடற கொம்பு யானைத் தந்தம் மாதிரி இருக்கும். எனக்குத் தெரியாதா?"

"அப்போ ஸ்பிளிட்னு படிச்சீங்களே, பைபிளைக் கையில வெச்சுக்கிட்டு?"

"நீ எழுதின சீட்டு செல்லாது. செல்லாத சீட்டை நான் எப்படி வேணா படிப்பேன்."

"ரூம் சூடு இல்லப்பா. அம்மாவுக்குத்தான்..." என்று இழுத்தேன்.

"தெரியும்" என்றார், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். "எங்க ஸ்டாஃப் ரூம்ல ஃபேனுக்கு அடியில இருக்கிற நாற்காலிக்கு டீச்சருங்க ஏன் சண்டை போடறாங்கன்னு நினைக்கிற?"

"அப்புறம் எதுக்குப்பா சுண்ணாம்பு, சாக்கு, தெர்மாமீட்டர் எல்லாம்?"

"உங்கம்மா எங்கிட்ட ரூம் சூடுன்னா. அவளா வேற மாதிரி சொல்ற வரைக்கும் ரூம்தான் சூடு."

"அம்பத்தெட்டு டிகிரி?"

"டீ வாசனை வந்துச்சு."

"வெள்ளிக்கிழமை இருபத்திரெண்டு பேர்?"

"அதுல பாதி கூட வர்றதில்ல. ஒரு பொம்பளைக்கு ரெண்டு டன்னுன்னா கடைக்காரன் ஏன்னு கேப்பான் இல்ல?" என்று சொல்லிவிட்டு, யாருக்கோ பாதி மார்க் கூடப் போட்டார். ஸ்டாம்பையும் அவரே நக்கி ஒட்டிக் கொடுத்தார்.

ஆகவே பெரியம்மா, ஞாயிற்றுக்கிழமை அவர் போன் செய்தால் கம்பெனி பெயரை மட்டும் சொல்லுங்கள், வேறு ஒன்றும் சொல்லாதீர்கள். அம்மாவிடம் வேறொரு நாள் அக்காவாக நீங்களே கேளுங்கள், என் பெயர் வேண்டாம். நான் இப்போது மாடிக்குப் போய், "இந்த ரூம் ரொம்ப சூடும்மா" என்று சொல்லப் போகிறேன். வெளியே நல்ல மழை. ஸ்வெட்டரைக் கழற்றிவைத்துவிட்டுத்தான் போக வேண்டும்.