ராஜாமணி வீட்டில் நனைந்த கை

முதலில் தப்பு செய்தவன் ராஜாமணிதான். நாலு வருஷத்துக்கு முந்தி, ஏரியூரில் தன் மகள் கல்யாணப் பந்தியில், அக்கா புருஷன் என்றும் பாராமல், "எங்க மாமாவுக்கு ரெண்டு எலையா சேத்துப் போடுங்கப்பா!" என்று கத்தினான். பந்தியே சிரித்தது. சாம்பார் வாளியோடு நின்றவனும் சிரித்தான்.

கிருஷ்ணப்பன் நூற்றுப் பதினாலு கிலோவோடு எழுந்தார். "நீ மன்னிப்புக் கேக்கற வரைக்கும் உன் வூட்டுல கை நனைக்கமாட்டேன்டா!"

எங்கள் பக்கம் பகைக்கு அதுதான் பூட்டு. ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் பகை தீர்ந்தது. அப்புறம் பழசைக் கிளறக் கூடாது.

இந்த மாசியில் ராஜாமணி முனியப்பனுக்குக் கிடா வெட்ட நாள் குறித்தான். "மாமா வரட்டும், எல்லார் முன்னாலயும் மன்னிப்புக் கேட்டுடறேன்" என்று சொல்லியனுப்பினான். இளைத்துப் போய் நின்று அதை வாங்க வேண்டும் என்று கிருஷ்ணப்பன் முடிவு கட்டினார்.

உடம்பு இளைக்க தர்மபுரி டாக்டர் வாரம் ஒரு ஊசி கொடுத்தார். பேனா மாதிரி இருந்தது. திருகினால் அளவு கூடும். "ஒரு மாசம் சின்ன அளவுதான். நான் சொல்லாம கூட்டாதீங்க" என்றார். கிடாவுக்கோ மூணே வாரம். மனைவி குள்ளம்மாளுக்குத் தெரியாமல் ஊசியை பிரிட்ஜில் கொத்தமல்லிக்கு அடியில் ஒளித்தார். இரண்டாம் வாரமே தானே அளவைக் கூட்டித் திருகிக்கொண்டார்.

அழுகின முட்டை வாடையில் ஏப்பம் வந்தது. வாசலில் படுத்திருந்த நாய் எதிர்வீட்டுக்குக் குடி போனது. நாலு நாள் வயிறு கதவடைத்தது. அஞ்சாம் நாள் கதவையே காணோம்.

"ஏனுங்க, களியைத் தொடவே இல்லியே?"

"பசிக்கல."

"உங்களுக்கா?"

"விரதம்டி."

"எந்தச் சாமிக்கு?"

"முனியப்பனுக்கு."

"அவரு கிடா கேக்கற சாமியாச்சே. அவருக்கு எதுக்குங்க விரதம்?"

கிருஷ்ணப்பன் பதிலுக்கு ஏப்பம் விட்டார்.

கிடா அன்று ஆறு கிலோ குறைந்திருந்தார். தொளதொளத்த சட்டையோடு ராஜாமணி வீட்டு வாசலில் நிமிர்ந்து நின்றார். ராஜாமணி கைகூப்பிக்கொண்டு வந்தான். ஊரே பார்த்தது.

"மாமா, அன்னைக்கு நான் சொன்னது..."

அந்த நேரம் பார்த்து எவனோ கறிக்குழம்பு அண்டாவைத் திறந்தான். வாடை மூக்கில் ஏறியது. கிருஷ்ணப்பன் மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னால் ஓடினார். குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி. குள்ளம்மாள் தலையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு டம்ளரை நீட்டினாள்.

"கொஞ்சங் கொஞ்சமா குடிங்க."

உப்புப் போட்ட வடிகஞ்சி. உயிர் திரும்பி வந்தது. கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டுத்தான் டம்ளரைப் பார்த்தார். விளிம்பில் வெட்டியிருந்தது: 'ஆர். ராஜாமணி, ஏரியூர்.'

"தம்பீ!" குள்ளம்மாள் குரல் பந்தல் வரைக்கும் போனது. "மாமா கை நனைச்சிட்டாரு! இனி பழசைப் பேசக் கூடாது!"

ராஜாமணி கூப்பிய கையைப் பிரித்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பரிமாறப் போய்விட்டான்.

"அடியே, இது சோறில்ல, மருந்து!"

"மருந்துன்னா கொத்தமல்லிக்கு அடியில இருக்கறதுங்க."

கிருஷ்ணப்பனுக்கு வாந்தியே நின்றுவிட்டது.

"கொத்தமல்லி வாங்கறது யாருங்க? டாக்டருக்கு நேத்தே போன் பண்ணிட்டேன். ஊசியை நிறுத்திட்டு நாளைக்குக் கூட்டியாரச் சொன்னாரு. அதுவரைக்கும் கஞ்சித் தண்ணி குடுக்கச் சொன்னாரு. பையில பிளாஸ்க் இருக்கு."

"அப்புறம் எதுக்குடி அவன் வூட்டுக் கஞ்சி?"

"இந்த வயித்தோட இன்னைக்குப் பந்தியில உக்காரப் போறீங்களா? நாலு வருசமா பொறந்த வூட்டுக்கு ஒத்தையா வந்து போறவ நான்தானுங்களே."

அதை நாலு வருஷத்தில் ஒரு நாளாவது யோசித்திருக்கலாம் என்று பட்டது. குனிந்து வாயைத் துடைத்துக்கொண்டார்.

பந்தியிலிருந்து ராஜாமணி கத்தினான். "எங்க மாமாவுக்கு எலையே வேணாம்பா! இன்னொரு டம்ளர் கஞ்சி மட்டும் ஊத்துங்க!"

பந்தியே சிரித்தது.

ஆக, ராஜாமணி கேட்க வேண்டிய மன்னிப்பு இப்போது இரண்டு. கேள் என்று சொல்லத்தான் வழியில்லை. கை நனைந்துவிட்டது.