தாரா மார்க்கும் என் சொண்டும்

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலும் பாதி அம்மை வருத்தத்தில் போய்விட்டது. ஆனபடியால் என்னை நாலரை வகுப்புக்காரி என்று சொல்வதுதான் நியாயம். அப்படி இருந்தும் வாழ்க்கையில் ஒரு தடவை நான் விஞ்ஞானம் செய்தேன். செய்துவிட்டு மூன்று மாதம் கோயில் வாசலுக்குப் போகவில்லை.

எங்கள் வீட்டுக்காரருக்குக் கோண்டாவிலில் ஒரு சுருட்டுக் கொட்டில் இருந்தது. (அவர் பெயரை எழுத மாட்டேன். அவர் காலமாகிப் பத்து வருடம் கடந்துவிட்டது, இருந்தாலும் கை வரவில்லை.) ஆறு பேர் பாயில் இருந்து சுற்றுவார்கள். கட்டின்மேல் ஒட்டுகிற லேபலில் ஒரு தாரா, அதுதான் வாத்து, நிற்கும். அவர் முருகன் படம் அடிக்கத்தான் அச்சுக்கூடத்துக்குப் போனவர். சுருட்டுக் கடுதாசியைச் சனம் காலில் மிதிக்கும், சாமி படம் வேண்டாம் என்று அச்சுக்கூடக்காரர் சொல்ல, அங்கே சும்மா கிடந்த தாரா அச்சோடு சமாதானமாகித் திரும்பி வந்தார். அன்றிலிருந்து நாங்கள் தாரா மார்க்.

முன்னர் எங்கள் சுருட்டு தெற்கே போனது. எண்பத்து மூன்று கலவரத்தோடு அது நின்றுவிட்டது. மிஞ்சியது குருநகர் மரியாம்பிள்ளையரின் கடை ஒன்றுதான். கடலுக்குப் போகிறவர்கள் அங்கேதான் வாங்குவார்கள். அந்தக் கடை நின்றால் கொட்டிலும் நின்றுவிடும், ஆறு பேரும் பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

கரண்ட் இன்னும் ஒரேயடியாகப் போகாத காலம் அது. ஒருநாள் மரியாம்பிள்ளையர் சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வந்தார். கதிரையைக் காட்டியும் இருக்காமல் நின்றார். மடியில் இருந்து இரண்டு சுருட்டை எடுத்து நீட்டினார்.

“அண்ணை, நான் உங்களைக் கள்ளன் எண்டு சொல்லேல்லை. ஆனா இது ஒரு பக்கமா எரியுது. உள்ளுக்கை முழுக்கக் காம்பு. தாரா மட்டும் உங்கடை தாரா.”

யாரோ ஒருவன் எங்கள் ஆள் என்று சொல்லிக்கொண்டு சைக்கிளில் கட்டுக் கொண்டுவந்து போடுகிறானாம். எங்கள் வீட்டுக்காரர் சுருட்டை மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, இது என்னுடையது இல்லை, மணந்து பார் தெரியும் என்றார்.

“குருநகரிலை ஆருக்கண்ணை சுருட்டு மணம் தெரியும்? எங்கடை மூக்கிலை மீனைத் தவிர வேறை ஒண்டும் ஏறாது,” என்றார் மரியாம்பிள்ளையர். பிறகு குரலை இறக்கினார். “வாங்கிற சனத்துக்கு ரெண்டும் ஒரே தாராதான், நான் சொன்னா நம்பாதுகள். வாற மாதம் முதல் ஞாயிறு மட்டும் ரெண்டு பேரிட்டையும் எடுப்பன். அதுக்கிடையிலை எது உங்கடை எண்டு காட்டுங்கோ. இல்லாட்டி தாராப் படம் என்ரை கடைக்குள்ளை வராது.”

இவருக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. தன் சுருட்டைத் தானே தன்னுடையது என்று நிரூபிக்கப் போவதில்லையாம்.  லேபலில் புள்ளி போடலாம், நூல் நிறத்தை மாற்றலாம் என்று சுற்றுகிறவர்கள் சொன்னார்கள். கண்ணுக்குத் தெரிகிற எதையும் அடுத்த கிழமையே அவனும் போடுவான். கண்ணுக்குத் தெரியாத அடையாளம் ஒன்று வேண்டும். எனக்கு அது விளங்கியது. கேட்பார் இல்லாதபடியால் சொல்லவில்லை.

அந்தக் கிழமை நான் நல்லூரில் இருந்த என் தம்பி நடேசனிடம் போனேன். அவன் ஒலிபெருக்கியும் லைட்டும் வாடகைக்கு விடுகிறவன். கடைக் கதவைச் சாத்தி, நாடக மேடைக்குப் போடுகிற ஊதா நிற ரியூப் லைட் ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தான். உள்ளே கால் வைத்தேன். என் இரண்டு கையும் முழங்கை வரைக்கும் நீலமாக மினுங்கின. பயந்து சத்தம் போட்டுவிட்டேன். தம்பி சிரித்தான். அந்த லைட்டுக்கு வெள்ளை உடுப்பு அப்படித்தான் மினுங்கும் என்றான். என் கை எப்போது வெள்ளையாக இருந்தது? அது மண்நிறம். காலையில் உடுப்புத் தோய்த்த கை, சரியாக அலம்பாமல் வந்த கை. சவர்க்காரத் தூள் கரைத்த தண்ணீர்தான் மினுங்குகிறது என்று எனக்குப் பிடிபட்டது. தூளைக் கரைத்து மட்டையில் ஈர்க்கால் ஒரு கோடு இழுத்துப் பார்த்தோம். வெளிச்சத்தில் ஒன்றும் இல்லை. ரியூப்புக்குக் கீழே கோடு பத்தி எரிகிற மாதிரி நின்றது.

இனி என்னைப் பிடிக்க ஏலுமா? சுருட்டின் மேலிலையைச் சுற்றி முடிக்கும்போது வால் பக்கத்தில் ஒரு பொட்டு மாப்பசை வைத்து ஒட்டுவார்கள். அந்தப் பசை காய்ச்சுவது நான். பசைச் சட்டியில் தூளைக் கலந்துவிட்டேன். லேபலைக் கிழித்து வேறு கட்டில் ஒட்டலாம், பசையை எப்படிக் கிழிப்பது? இவரிடம் மட்டும் சொன்னேன். இவர் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அதை நான் ஓம் என்று எடுத்துக்கொண்டேன்.

(வால் பக்கம்தான் வாயில் வைக்கிற பக்கம் என்ற யோசனை எனக்கு வரவேயில்லை. நாலரை வகுப்பு.)

இந்த இடத்தில் ஒரு விசயத்தை ஒப்புக்கொள்ளவேண்டும். எங்கள் வீட்டுக்காரருக்குச் சுருட்டுப் புகை ஆகாது. இருமல் வந்துவிடும். முந்தி ஒரு மூத்த தொழிலாளி ஒவ்வொரு கட்டிலும் ஒன்றைப் பத்தி, புகைத்துப் பார்த்துச் சொல்வார். அவர் வேலையை விட்டு நின்றபிறகு இவர் மணந்து பார்த்தே எல்லாம் சரி என்று அனுப்பினார். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. குசினியில் விறகு எரிகிற நேரம், ஒன்றை எடுத்து அடுப்புக்குப் பக்கத்தில் குந்தியிருந்து பத்திப் பார்ப்பேன். அடுப்புப் புகையோடு அதுவும் போய்விடும். சரியில்லாத கட்டை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவிடுவேன். முதலில் கட்டுக்கு ஒன்று என்றுதான் தொடங்கியது. பிறகு கட்டு இல்லாத நாளிலும் ஒன்று தேவைப்பட்டது. ஏழு வருடம். ஒருத்தருக்கும் தெரியாது. வெளியில் நான் கோயிலில் கூட நிலத்தைப் பார்த்துக் கும்பிடுகிறவள்.

முதல் ஞாயிறு வந்தது. ஷெல் சத்தம் இல்லாத காலையாக இருந்தது. ஞாயிறென்றால் அவர்கள் கடலுக்குப் போவதில்லை, பூசை முடிந்து எல்லாரும் கடையடியில் நிற்பார்கள். ரோசக்காரர் தான் வாய் திறக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அப்படியென்றால் நான் கதைக்கிறேன் என்றேன்.  வெளிக்கிடமுதல் துணிவுக்கு ஒன்று பத்தினேன். மணம் போக ஏலக்காய் சப்பினேன்.

மரியாம்பிள்ளையர் கெட்டிக்காரர். இவர் கொண்டுவந்ததை ஒரு பிஸ்கட் ரின்னிலும், சைக்கிள்காரன் கொண்டுவந்ததை இன்னொன்றிலும் போட்டு வைத்திருந்தார். எது எதென்று அவருக்கு மட்டும் தெரியும். கடைக்குப் பின்னால் வலை வைக்கிற அறை. யன்னலுக்குச் சாக்குத் தொங்கவிட்டார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் உள்ளே வந்து நெருக்கிக்கொண்டு நின்றார்கள். தம்பி லைட்டைப் போட்டான்.

முதலில் தெரிந்தது தேவதூதர்கள். பூசைக்கென்று வெளுத்து உடுத்திருந்த அத்தனை சேட்டும் இருட்டில் நீலமாக மிதந்தன. தலைகள் இல்லை, கால்கள் இல்லை. ஒருவர் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார்.

நான் கதைக்கத் தொடங்கினேன். இருட்டு எனக்குத் துணை. ஒருவரின் முகமும் தெரியாதபடியால் குரல் வந்தது. பசையின் கதையைச் சொல்லி முடித்தேன். மரியாம்பிள்ளையர் முதல் ரின்னைத் திறந்தார். கறுப்பு. இரண்டாவது ரின்னைத் திறந்தார். ஒவ்வொரு சுருட்டின் வாலிலும் ஒரு நீலப் பொட்டு.

“மாதாவே,” என்றார். “இதுதான் அண்ணை கொண்டந்த ரின்.”

எனக்கு உச்சி குளிர்ந்தது. அதோடு லைட்டை நிற்பாட்டி வீட்டுக்கு வந்திருந்தால் நான் இன்றைக்கு ஒரு விஞ்ஞானி. ஆனால் ஒரு குரல் கேட்டது.

“டேய் அந்தோனி, உன்ரை சொண்டைப் பார்.”

அந்தோனி என்ற பெரிய மீசைக்காரரின் சொண்டு, மீசைக்குக் கீழே உதடு இரண்டும், நீலமாக மினுங்கியது. அவர் பூசை முடிந்த கையோடு எங்கள் சுருட்டைப் பத்தியவர். பக்கத்தில் நின்றவரின் சொண்டும் மினுங்கியது. கள்ளச் சுருட்டுப் பத்தியவரின் வாய் இருட்டாகவே கிடந்தது. எல்லாருக்கும் விளையாட்டாகிவிட்டது. வரிசையில் வந்து வாயைக் காட்டினார்கள். அந்தோனிதான் ஒரு நியாயம் கேட்டார். “ஒரு மாதமா வாயெல்லாம் சவுக்கார மணம். நான் என்ரை மனுசியைச் சேட்டு அலசத் தெரியாது எண்டு ஏசினனான். அவளுக்கு இப்ப ஆர் பதில் சொல்லுறது?”

சிரிப்பு அடங்கமுதல், மரியாம்பிள்ளையர் இன்னும் யார் இருக்கிறார்கள் என்று ரியூப்பைத் திருப்பினார். அது என் முகத்துக்கு நேரே வந்து நின்றது.

சிரித்தவர்கள் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள்.

“தங்கச்சி,” என்றார் மரியாம்பிள்ளையர் மெதுவாக. “உங்கடை சொண்டு...”

நான் வாயைப் பொத்தினேன். கையும் மினுங்கியது. பின்னால் ஒருவர் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. “அவ எச்சில் தொட்டு ஒட்டினவ போலை.” இன்னொருவர் காறித் துப்பினார். அந்தோனி வாயில் வைத்திருந்த சுருட்டை எடுத்துவிட்டார்.

எனக்கு ஒரு வழி திறந்துதான் இருந்தது. ஓம், நாக்கில் தொட்டு ஒட்டினேன் என்று சொன்னால் என் மானம் தப்பும். ஆனால் எச்சில் சுருட்டை எவன் வாங்குவான்? அந்த நிமிடமே தாரா செத்துவிடும். இவர் எங்கே நிற்கிறார் என்று பார்த்தேன். வேட்டியும் சேட்டும் மட்டும் தெரிந்தன. முகம் இல்லை. நல்லகாலம்.

“எச்சில் இல்லை,” என்றேன். “ஒரு சுருட்டிலும் என்ரை எச்சில் இல்லை. நான் பத்துறனான். காலமையும் ஒண்டு பத்திப்போட்டுத்தான் வந்தனான். கட்டு வெளியிலை போக முந்தி நான் பத்திப் பாக்கிறனான். ஏழு வருசமா. சரியா எரியாட்டி அந்தக் கட்டை விடமாட்டன்.”

இவரின் வேட்டி அசையவில்லை.  பிறகு அந்தோனி சுருட்டைத் திரும்ப வாயில் வைக்கிறது தெரிந்தது. மரியாம்பிள்ளையர் தம்பியிடம் லைட்டை நிற்பாட்டச் சொன்னார். சாக்கை விலக்கினார்.

“லேபலை ஆரும் அடிக்கலாம் அண்ணை,” என்று இவரைப் பார்த்துச் சொன்னார். “உப்பிடி ஒரு மனுசியை அச்சடிக்கேலாது. நாளைக்கே கொண்டந்து போடுங்கோ. ஆனா அந்தச் சவுக்காரத்தை மட்டும் நிப்பாட்டச் சொல்லுங்கோ.”

 அடுத்த நாள் பின்னேரம் கட்டு முடிந்ததும் இவர் குசினி வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு சாசர், அதில் ஒரு சுருட்டு, பக்கத்தில் நெருப்புப் பெட்டி. “இந்தாரும், பாரும்,” என்றார். அவ்வளவுதான். அதன்பிறகு நான் அடுப்புப் புகைக்குள் குந்தியிருக்கவில்லை, வாங்குப் பலகையில் இருந்து பத்தினேன். கோண்டாவிலுக்குக் கதை வந்து சேர்ந்தபடியால்தான் கோயிலுக்கு மூன்று மாதம் போகவில்லை. (இப்போது டொக்டர் நிற்பாட்டிவிட்டார். அது வேறு துக்கம்.)

சைக்கிள்காரன் அடுத்த கிழமையும் கட்டோடு வந்தானாம். மரியாம்பிள்ளையர் லைட் ஒன்றும் தேடவில்லை. முதலாளியின் மனுசி சுகமாக இருக்கிறாவோ என்று மட்டும் கேட்டிருக்கிறார். “அவ பாவம், சாமி அறையை விட்டு வெளிக்கிடாத மனுசி,” என்றிருக்கிறான் அவன். கட்டோடு அவனைத் திருப்பி அனுப்பினாராம்.

எங்கள் வீட்டில் அது ஒரு பேச்சாகிவிட்டது. மீன் புதிதா, சீலை உண்மையான பட்டா, மருந்து சரியானதா, எதில் சந்தேகம் வந்தாலும் பிள்ளைகள் “அம்மா பத்திப் பாத்தவவோ?” என்று கேட்பார்கள். போன வருடம் பேத்திக்குச் சம்பந்தம் பேச வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் தகப்பன் முன்னுக்கு இருக்க, வெளிநாட்டில் இருந்து என் மகன் போனில் வந்தான். சத்தம் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிப் போட்டிருந்தார்கள்.

“பொடியன் நல்ல பொடியன் மாதிரித்தான் கிடக்கு,” என்றான். “அம்மா பத்திப் பாத்தாச்சோ?”

சம்பந்திப் பகுதி என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: “இன்னும் இல்லை.”