ரோமாபுரி வீரனும் எங்கள் அய்யனின் முட்டிவலியும்

பொறாமைப்படுவதற்கும் ஒரு தராதரம் வேண்டும். பக்கத்து வீட்டுக்காரன் புது சைக்கிள் வாங்கினால் பொறாமைப்படலாம். பங்காளி கிணற்றில் தண்ணீர் ஊறினால் தாராளமாகப் படலாம், அதற்காக யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நான் பொறாமைப்பட்டது, செத்து ஆயிரக்கணக்கான வருடம் ஆனவன் ஒருவன்மீது. அவன் உண்மையிலேயே பிறந்தானா என்பதே சந்தேகம்.

எழுபதுகளில் எனக்குக் கேரள எல்லையில் உள்ள கொழிஞ்சாம்பாறை மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஓர் உரக்கடை இருந்தது. அம்மா போன பிறகு வீட்டில் அய்யனும் (எங்கள் பக்கம் அப்பாவுக்கு அதுதான் பெயர்) நானும் மட்டும்தான். இரண்டு ஆம்பிளைகள் மாற்றி மாற்றிச் சமைத்து, மாற்றி மாற்றிக் குறை சொல்லிக்கொண்டிருந்த வீட்டுக்கு மரகதம் கல்யாணமாகி வந்தாள். அவள் அப்பா எங்கள் ஊரிலிருந்து பீர்மேட்டுக்குப் போய், டீ பேக்டரியில் கிளார்க்காக இருந்தவர். பெண் மலையிலேயே வளர்ந்ததால் எஸ்டேட் தமிழ்தான் பேசுவாள். 'சொல்லுதேன்', 'நிக்கேன்' என்று அவள் சொன்னால் அய்யன் ரசித்துச் சிரிப்பார்.

மரகதம் இங்கிலீஷ் பி.ஏ. முடித்தவள். எம்.ஏ.வைப் பிரைவேட்டாக எழுத வேண்டும் என்று ஆசைப்பட்டாள். நான் பேஷாக எழுது என்றேன். (பெருந்தன்மை ஒன்றும் இல்லை. கல்யாணமான புதிது. அப்போது அவள் நிலாவைக் கேட்டிருந்தாலும் ஏணி தேடியிருப்பேன்.) அய்யனோ சந்தையில் கத்தரிக்காய் வாங்கும்போதுகூட, "எம்மருமக எம்மே படிக்கறாளுங்க" என்று சொல்லித்தான் பையை நீட்டுவார்.

அந்தப் படிப்பில் ஒரு பேப்பர், ரோமாபுரியின் பழைய காவியமும் அதற்குப் பின்னால் இருக்கிற புராணமும். மற்ற பேப்பர்களை அவள் சும்மா படித்தாள். இதை மட்டும் மூழ்கிப் படித்தாள். சாயங்காலம் நான் கடை சாத்திவிட்டு வந்தால், சோறு போட்டுக்கொண்டே கதை சொல்ல ஆரம்பித்துவிடுவாள். எடுத்த எடுப்பில் ஒரு நகரம் எரியும். நம் ஆள், அதாவது காவியத்தின் நாயகன், வயதான அப்பனைத் தோளில் தூக்கிக்கொண்டு நெருப்புக்குள்ளிருந்து வெளியே வருவான்.

"அப்பனத் தோள்ல தூக்கிட்டே வாரான்" என்று அவள் சொல்லும்போது கரண்டி அந்தரத்தில் நிற்கும். எனக்கு ரசம் தொண்டையில் நிற்கும்.

என் வீட்டுச் சோற்றை என் தட்டில் போட்டுக்கொண்டே இன்னொருத்தன் தோளைப் பற்றி என் பெண்டாட்டி பேசுகிறாள். வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

இன்னொரு நாள், அவன் கப்பல் ஒரு கரையில் ஒதுங்கியதாம். அந்த நாட்டு ராணி அவன்மீது மனதைப் பறிகொடுத்துவிட்டாளாம். இதைக் கேட்டதும், மாட்டுக்குத் தண்ணி காட்ட வேண்டும் என்று எழுந்துவிட்டேன். (மாட்டுக்கு அப்போதுதான் காட்டியிருந்தேன். அது என்னை ஏற இறங்கப் பார்த்தது.) எப்போதும் இப்படித்தான். அவன் பெயர் வந்தால் பாதிக் கதையில் எழுந்து போய்விடுவேன். மீதியைக் கேட்கிற தெம்பு எனக்கு இல்லை.

அந்தக் கதையில் எனக்குப் பிடித்தது ஒரே ஆள், தேவர்களின் ராணி. யாரோ ஒருவன் நடத்திய அழகுப் போட்டியில் தனக்குப் பரிசு கொடுக்காமல் வேறொரு தேவிக்குக் கொடுத்துவிட்டான் என்பதற்காக, அவன் ஊரையே கருவறுத்து, தப்பித்துப் போன நம் நாயகனையும் கடல் கடலாகத் துரத்தினாள் அந்த மகராசி. பொறாமையில் எனக்கு அக்கா முறை. அவள் அவன் கப்பல்கள்மீது புயலை ஏவிய அன்று நான் இரண்டாவது முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். "இன்னிக்கு நல்லாப் பசிச்சிருக்கு போல" என்று மரகதம் சந்தோஷப்பட்டாள்.

அக்காவை நம்பிப் பயனில்லை, அவன் எல்லாப் புயலிலும் பிழைத்துவிட்டான். ஆகவே நானே களத்தில் இறங்க முடிவு செய்தேன். என்னிடமும் ஓர் அப்பன் இருந்தார். தோளும் இருந்தது. ஊர் எரியவில்லை, அது ஒன்றுதான் குறை. ஆனால் அய்யனுக்கு முட்டிவலி இருந்தது. வாரம் ஒருநாள் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் உள்ள வைத்தியசாலைக்கு எண்ணெய் போட மாட்டுவண்டியில் போவார். வண்டிக்குப் பதில் நான் தூக்கிப் போவது என்று திட்டம். அதுவும், மரகதம் பரீட்சைக்காகப் பாலக்காட்டு பஸ்ஸுக்கு நிற்கும் நேரத்தில், அந்த ஸ்டாப் வழியாக. அன்றைக்கு என்ன பேப்பர்? அந்தக் காவியப் பேப்பரேதான். அப்பனைத் தூக்கியவனைப் பற்றிக் கேள்வி வரும், அவள் என்னை நினைத்துக்கொண்டு எழுதுவாள். நான் அப்படித்தான் கணக்குப் போட்டிருந்தேன்.

குடோனில் யூரியா மூட்டையைத் தோளில் போட்டு நடந்து பழகினேன். சுமை தூக்கும் ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். "மொதலாளி எங்க கூலிய மிச்சம் புடிக்கறாருங்களாட்ட இருக்குது" என்றான் ஒருவன். மூட்டை நன்றாகவே ஒத்துழைத்தது. மூட்டைக்கு வாய் இல்லை, கால் இல்லை, மானம் மரியாதை இல்லை என்பதை நான் யோசிக்கவில்லை.

பரீட்சை நாள் வந்தது. மரகதம் விடியற்காலையில் எழுந்து, சமையலை முடித்து, அய்யன் காலில் விழுந்து கும்பிட்டுவிட்டுக் கிளம்பினாள். நான் அப்போது குடோனில் கடைசி ஒத்திகையில் இருந்தேன். வீட்டுக்கு வந்தபோது அய்யன் வாசலில் வண்டிக்குக் காத்திருந்தார்.

"வண்டி எங்கடா பழனி?"

"வண்டி வேண்டாமுங்கய்யா. நானே தூக்கிட்டுப் போறனுங்க."

"என்னையவா? எனக்கு முட்டிதானடா வலிக்குது, உசுரா போயிருச்சு?"

"பெத்த மகன் தூக்கறனுங்க. இதுல என்னங்க?"

"ரோட்டுல நாலு பேரு பாத்தா என்னடா நெனப்பாங்க? அடேய், உடுறா. டேய்..."

மூட்டையைப் போலவே குனிந்து, தோளில் கவிழ்த்து, தூக்கிவிட்டேன். தலை என் முதுகுப் பக்கம் தொங்கியது. கால்கள் என் நெஞ்சுக்கு முன்னால். வலியில்லாத காலால் என் வயிற்றில் உதைத்துக்கொண்டே வந்தார். அய்யன் ஊரில் மதிப்பாக வாழ்ந்தவர். இந்தக் கோலத்தில் யாரும் தன் முகத்தைப் பார்த்துவிடக் கூடாது என்று தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டார். ரோடு வந்ததும் திட்டுவதையும் நிறுத்திவிட்டார். குரலை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்களாம். ஆள் பேச்சுக் கேட்டால் உதைப்பதையும் நிறுத்தி ஆடாமல் கிடப்பார், தாண்டியதும் மறுபடி உதைப்பார்.

எனக்கோ மூச்சு வாங்கியது. சித்திரை மாதத்து வெயில், காலையிலேயே ஏறிவிட்டது. வேர்வை கண்ணில் இறங்கி எரிய, கண்ணீராகக் கொட்டியது. டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். யாரோ, "ஏனுங்க, என்னாச்சுங்க அய்யனுக்கு?" என்று கேட்டார்கள். பதில் சொல்ல மூச்சு இல்லை. பஸ் ஸ்டாப்பில் மரகதம் நின்றாளா, பஸ் போய்விட்டதா, எதுவும் தெரியவில்லை. என் கால் கட்டைவிரலைத் தவிர உலகத்தில் வேறு எதையும் நான் பார்க்கவில்லை.

டீக்கடையில் இருந்தவர்கள் பார்த்ததை நினைத்துப் பாருங்கள். வெள்ளைத் துணியால் முகம் மூடிய அப்பன், துவண்டு தொங்குகிறார். மகன் அழுதுகொண்டே வாய் பேசாமல் சுமந்து போகிறான். இதற்கு மேல் என்ன விசாரிப்பது? அந்த நேரம் பார்த்து பொள்ளாச்சி பஸ் வந்து நின்றது. கண்டக்டருக்கு அய்யனை நன்றாகத் தெரியும். பொள்ளாச்சியில் இருக்கிற அய்யனின் தங்கை, என் அத்தையையும் தெரியும். விசில் ஊதிவிட்டு, துக்கச் செய்தியோடு கிளம்பிவிட்டார். ஒரு பாலக்காட்டு பஸ் போய், அடுத்து வந்த பாலக்காட்டு பஸ்ஸில் மருமகளுக்கும் யாரோ பொறுப்பாகச் சொல்லி அனுப்பினார்கள்.

இதெல்லாம் தெரியாமல் நான் வாய்க்கால் கரைக்குப் போய்ச் சேர்ந்தேன். முந்தின நாள் மழையில் கரை சேறு. கால் வழுக்கியது. அப்பனும் மகனும் ஒன்றாக வாய்க்காலுக்குள் உட்கார்ந்தோம். முட்டிவலியோடு போன அய்யனுக்கு இடுப்பும் பிடித்துக்கொண்டது. கடை ஆட்கள் கைவண்டி கொண்டுவந்து அவரைப் படுக்க வைத்து வைத்தியசாலைக்குத் தள்ளிப் போனார்கள். அவர் மறுபடி முகத்தை மூடிக்கொண்டார். பார்க்காமல் விட்டவர்களும் இப்போது பார்த்துவிட்டார்கள்.

மத்தியானம் வீட்டுக்குள் அய்யன் இடுப்பில் கட்டோடு படுத்திருந்தார். வாசலில் திடீரென்று, "என்னப் பெத்த ராசாவே" என்று ஓர் அலறல். அத்தை தலைவிரி கோலமாக, பின்னால் உறவுப் பெண்கள் மாரடித்துக்கொண்டு, மாலையும் கோடித்துணியுமாக வந்து விழுந்தார்கள்.

"எவன்டா செத்தது?" என்று உள்ளேயிருந்து அய்யன் கத்தினார்.

அழுகை பாதியில் நின்றது. அத்தை எட்டிப் பார்த்து, சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்கண்ணா, உசுரோட இருந்தா ஒரு வார்த்த சொல்லியுடக் கூடாதுங்களா? அடுப்புல ஒலைய வெச்சது வெச்சபடி ஓடியாறனுங்க" என்றார். சந்தோஷத்தைவிடக் கோபம்தான் அதிகம் தெரிந்தது. கூட வந்தவர்கள், செத்ததாகச் சேதி வந்தால் ஆயுசு கூடும் என்று சமாதானம் சொன்னார்கள். அடுத்து ஒரு பிரச்சினை கிளம்பியது. துக்க வீட்டுக்கு வந்தவர்கள் குளித்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். இங்கே யாரும் சாகவில்லை, ஆனால் அழுதாயிற்று. குளிப்பதா வேண்டாமா? ஆளுக்கு ஒன்று சொன்னார்கள்.

அப்போதுதான் அய்யன் கேட்டார். "இவிகளுக்கே சேதி வந்துருக்குதுன்னா, பாலக்காட்டுக்குப் போயிருக்காதா?"

வருடம் முழுக்க விழுந்து விழுந்து படித்தவள். மாமனார் போய்விட்டார் என்று கேட்டால் பாதியில் எழுந்து வராமல் இருப்பாளா? இந்தப் பேப்பர் போனால் பரீட்சையே போச்சு.

"அந்தப் புள்ள எழுதாம வந்துச்சுன்னு வையி," என்றார் அய்யன். "இந்த மாலைய உனக்குப் போடச் சொல்லுவன்."

மாலை பத்திரமாக வாசலில் இருந்தது. நான் அதைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்கால பஸ்ஸில்தான் மரகதம் வந்தாள். விரலெல்லாம் மை. கூட்டத்தைப் பார்த்துக் கொஞ்சமும் திகைக்கவில்லை. நேராக உள்ளே போய், கட்டைப் பார்த்துவிட்டு, "இடுப்பு எப்படி இருக்கு மாமா?" என்றாள்.

"அது கெடக்குது. பரிச்ச எழுதினயா சாமி?"

"எழுதிட்டேன் மாமா. நடுவுல பியூன் வந்து, மலையாளத்துல 'பர்த்தாவின்ட அச்சன் மரிச்சு, வேகம் வீட்டுக்குப் போ'ன்னாரு. நான் அடிஷனல் பேப்பர் கேட்டு வாங்கிக்கிட்டேன்."

அத்தை மோவாயில் கை வைத்தார். "ஏம்புள்ள, மாமன் செத்துப்போயிட்டாருன்னு சொல்லியுமா எழுதின?"

"செத்தவங்க உதைப்பாங்களா அத்தை? நான் பஸ் ஸ்டாப்புல நிக்கேன், மாமா இவங்க வயித்துல விட்ட உதை அத்தனையும் பாத்தேன். வைத்தியசாலைக்குத்தான் தூக்கிட்டுப் போறாங்க, போகட்டும்னு பஸ் ஏறிட்டேன்."

அப்படியானால் பார்த்திருக்கிறாள். இடுப்பு போனால் என்ன, மாலை வந்தால் என்ன, அவள் பார்த்துவிட்டாள். எல்லோர் முன்னாலும் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "அவனப் பத்திக் கேள்வி வந்துச்சா?"

"வந்துச்சு. அப்பனத் தூக்கிட்டுப் போனதப் பத்தித்தான். பக்கம் பக்கமா எழுதியிருக்கேன்."

"யாரு அது, அப்பனத் தூக்கினவன்?" என்றார் அத்தை. மரகதம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள். ஊர் எரிந்தது. அவன் அப்பனைத் தோளில் ஏற்றினான். மகனைக் கையில் பிடித்துக்கொண்டான். பெண்டாட்டியைச் சற்றுத் தள்ளிப் பின்னால் நடந்து வரச் சொன்னான்.

"அப்பறம்?"

"ஊருக்கு வெளியில வந்து பாத்தா, பெண்டாட்டியக் காணும்."

"காணும்னா? வழியில திரும்பியே பாக்கலையா?"

"ஒரு தடவகூடப் பாக்கல அத்தை. அப்பன் இருக்காரு, மகன் இருக்கான், அவ மட்டும் இல்ல. தேடிப் போனா ஆவியாத்தான் வந்து நின்னா."

அத்தை அன்று காலையிலிருந்து அழுவதற்கு ஆயத்தமாக இருந்தவர். பாதியில் நின்ற அழுகை எல்லாம் அவருக்குள் அப்படியே இருந்திருக்கிறது. "அடி எம்மவளே, பின்னால வந்தயே, திரும்பிப் பாக்க நாதியில்லாமப் போனயே" என்று ஆரம்பித்தார். மற்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். கொழிஞ்சாம்பாறையில் ரோமாபுரிக்காரி ஒருத்திக்கு ஒப்பாரி வைத்தது எங்கள் வீட்டில் மட்டும்தான் இருக்கும். அழுது முடித்ததும் குளிக்கிற வழக்கும் தீர்ந்துவிட்டது. எல்லோரும் கிணற்றடிக்குப் போய்க் குளித்துவிட்டே ஊர் திரும்பினார்கள்.

அவர்கள் போன பிறகு மரகதத்திடம் கேட்டேன். "அப்படின்னா உனக்கு அவன் மேல ஆசையில்லையா?"

"ஆசையா? வருசம் பூரா அவன் மேல உள்ள கோவத்துலதான் படிச்சேன். நீங்கதான் கதைய முழுசா கேக்க மாட்டியளே." விரல் மையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "காலையில பரீட்சைக்குப் போறேன்னு உங்கள வீடெல்லாம் தேடினேன். போயிட்டு வான்னு ஒரு வார்த்தை சொல்ல ஆள் இல்ல. ஸ்டாப்புல நிக்கேன், மாமாவத் தூக்கிட்டு என்னத் தாண்டித்தான் போறிய. திரும்பிப் பாத்தியளா?"

நான் பார்த்தது என் கால் கட்டைவிரலை மட்டும்தான்.

மரகதம் அந்தப் பரீட்சையில் முதல் வகுப்பில் தேறினாள். அய்யனுக்கு ஆயுசு கூடியது, கூடிய ஆயுசு முழுவதும் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே கழித்தார். அன்றிலிருந்து கோயிலோ, கல்யாணமோ, பஸ் ஸ்டாண்டோ, நான் நாலு எட்டு நடந்தால் ஒருமுறை திரும்பிப் பார்ப்பேன். பிள்ளைகள் "அப்பா, அம்மா இருக்காங்க, நடங்க" என்று சொல்லிச் சிரிப்பார்கள். இப்போது பேரன்களும் சொல்கிறார்கள். போன மாதம் கழுத்து வலி என்று டாக்டரிடம் போனேன். கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "என்ன வேலை பாத்தீங்க?" என்று கேட்டார்.

உரக்கடை என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் மரகதம் முந்திக்கொண்டாள். "பெண்டாட்டி வாராளான்னு பாக்குற வேலை டாக்டர். இன்னும் ரிட்டயர் ஆகல."