மூன்றாவது எண்பத்தைந்து

"டிபன் பாக்ஸைக் குடுங்க, கழுவிப் போட்டுடறேன்."

மனைவி கை நீட்டியதும், வேலை முடிந்து வந்த நூலகர் பையை மார்போடு அணைத்துக்கொண்டார். டிபன் பாக்ஸுக்குள் கைக்குட்டை சுற்றிய எண்பத்தைந்து எம்.எம். கேமரா லென்ஸ் இருந்தது. "இன்னொரு லென்ஸ் வாசப்படி ஏறட்டும், நான் எங்கம்மா வீட்டுக்குக் கிளம்பிடறேன்" என்று மனைவி போன மாதம்தான் சொல்லியிருந்தாள்.

இதே எண்பத்தைந்து எம்.எம்.மில் ஏற்கெனவே இரண்டு பேர் வீட்டில் தலைமறைவு. தையல் மெஷின் பெட்டியில் இருப்பவன் முன்கோபி. பழைய ஹெல்மெட்டுக்குள் இருப்பவன் கூச்ச சுபாவம். மூன்றாமவன் விவேகி என்று, பழைய கேமராக் கடையில் கையில் எடுத்த உடனேயே நூலகருக்குத் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு லென்ஸுக்கும் தனிக் குணம் உண்டு என்பது அவர் கட்சி. ஒளித்தவர்களை எடுத்துப் பார்க்கத்தான் துணிவில்லை. துணிவிருந்தால் ஒளிப்பானேன்?

"ஆபீஸ்லயே கழுவிட்டேன்" என்றார்.

பதினோரு வருடத்தில் அவர் ஒரு ஸ்பூன்கூடக் கழுவியதில்லை. மனைவி நெற்றியைத் தொட்டாள். வியர்த்துச் சில்லிட்டிருந்தது.

"ஐயய்யோ, ஐஸ் மாதிரி இருக்கே! போய்ப் படுங்க மொதல்ல."

படுக்கையறையில் லென்ஸை வெளியே எடுத்தார். காலடிச் சத்தம். சட்டைக்குள் திணித்து, போர்வையை இழுத்துக்கொண்டார். மனைவியோடு அவள் தம்பியும் வந்தான். மருந்துக்கடையில் வேலை, அதனால் அரை டாக்டர். மீதி அரையைப் பற்றி அவன் கவலைப்பட்டதேயில்லை.

"மாமா, இங்க வலிக்குதா?"

"இல்ல."

"இங்க?" அவன் மோதிரம் பட்டு 'டங்' என்றது.

அவன் காதைக் கிட்டே கொண்டுவந்தான்.

"வாயு" என்றார் நூலகர்.

"வாயு டங்குன்னு சத்தம் போடாது மாமா. அக்கா, உருண்டையா, கல்லு மாதிரி இருக்கு." மறுபடி அழுத்தினான்.

"பாத்துப்பா, கீறல் விழுந்துடும்!"

"எதுல?"

"மனசுல."

மனைவியின் கண் கலங்கியது. "புத்தி வேற தடுமாறுது. டேய், காலைல பத்து மணிக்கு ஸ்கேனுக்குச் சொல்லிடு."

"ஸ்கேன்ல எல்லாம் தெரியுமா?" நூலகர் குரல் கீச்சிட்டது.

"குண்டூசியை முழுங்கியிருந்தாலும் காட்டிடும் மாமா. பயப்படாதீங்க."

அன்றிரவு மனைவி அவர் கையைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். போர்வைக்கடியில் அவர் இன்னொரு கையால் மூன்றாமவனைப் பிடித்திருந்தார். மனைவி அம்மா வீட்டுக்குப் போவதுபோலவும், மூன்று எண்பத்தைந்துகளும் வாசலில் நின்று கையசைப்பதுபோலவும் கனவு வந்தது. ஒன்றுமட்டும் கூச்சத்தோடு அசைத்தது.

காலையில் அவள் குளிக்கப் போன நேரம் பார்த்துப் பின்வாசல் வழியாகப் பாய்ந்தார். லுங்கியோடு இரண்டு தெரு ஓட்டம். பழைய கேமராக் கடை அப்போதுதான் ஷட்டரைத் தூக்கியிருந்தது. லென்ஸை மேசைமேல் வைத்தார்.

"திருப்பி எடுத்துக்குங்க. காசுகூட வேணாம். எங்க வீட்டுல தெரிஞ்சா என் கதை முடிஞ்சுது."

கடைக்காரர் லென்ஸைத் திருப்பிப் பார்த்தார். அவரையும் பார்த்தார்.

"என்ன சார், இந்தத் தடவை நீங்களே கொண்டாந்துட்டீங்க? எப்பவும் இந்த லென்ஸை உங்க வீட்டம்மா கொண்டாந்து வித்துட்டுப் போவாங்க, அப்புறம்தானே நீங்க வந்து வாங்கிட்டுப் போவீங்க!"