கல்லறை கைடும் ஏழாவது மேடும்

செத்துப்போனவர்களைக் காட்டி உயிரோடு இருப்பவர்களைச் சிரிக்க வைத்த மனிதர் புதுக்கோட்டைச் சீமையிலேயே ஒருவர்தான். அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் எனக்குத் தெரியாது. ஊரில் நூற்று இருபத்தாறு வீடுகள். ஒரு வீட்டிலும் தெரியாது. எல்லோருக்கும் அவர் ‘கைடு’.

குளத்தூர்ப் பக்கம் எங்கள் ஊர். பழைய மாதா கோயிலில் மணி அடிப்பதும், கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுவதும் கைடின் வேலை. ஐம்பதுகளில் ஈஸ்டர் தேர் பார்க்க ஒன்பது பஸ் ஜனம் வரும். தேரை மாலையில்தான் இழுப்பார்கள். அதுவரை வெயிலில் என்ன செய்வது? கைடு தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, “இங்கிட்டு வாங்க, இங்கிட்டு வாங்க” என்று அத்தனை பேரையும் கல்லறைத் தோட்டத்துக்கு ஓட்டிக்கொண்டு போய்விடுவார். கோயிலை ஐந்து நிமிஷம் பார்த்தவர்கள் கல்லறைகளை முக்கால் மணி நேரம் பார்த்தார்கள். கடிகாரத்தை வைத்துத்தான் சொல்கிறேன்.

முதலில் ஒரு வெள்ளைக்காரச் சாமியார் கல்லறை. “ஏழடி ஒசரமுங்க இவரு” என்பார் கைடு. கல்லறையின் நீளம் ஐந்தரை அடி, நானே அளந்தது. பொன்னமராவதி ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் விடவில்லை.

“ஏழடி ஆளு இதுக்குள்ள எப்படிய்யா?”

“முழங்கால்ல நின்னு செபம் பண்ணிக்கிட்டிருக்கும்போதே உசுரு போயிருச்சுங்க. கலைக்க வேணாம்னு அப்படியே வச்சுட்டாக.”

கடைக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

அடுத்தது ஒரு புருஷன் பெண்சாதி. இரண்டு கல்லறைகளுக்கும் நடுவே எட்டடி இடைவெளி. “உசுரோட இருந்தப்ப பன்னெண்டு அடிங்க. இப்பத்தான் கொஞ்சம் நெருங்கியிருக்காக.”

எனக்குப் பொறுக்காது. “கைடு, இப்படிப் புளுகுறியே, பாவமில்லையா?”

“செத்தவுக யாரும் மறுத்துப் பேசலையே வாத்தியாரே. ஒங்களுக்கு மட்டும் என்ன?”

மூன்றாவது வரிசையில் ஏழாவது மண்மேடு என் அப்பாவுடையது. நாற்பத்தெட்டாம் வருஷம் மூன்று நாள் காய்ச்சலில் போனார். என் வாத்தியார் சம்பளத்தில் அம்மா, நான்கு தங்கைகள், நான் என்று ஆறு வயிறு. கல்லறை கட்ட முடியவில்லை. ஒரு மரச்சிலுவையை நட்டதோடு சரி.

ஒரு ஈஸ்டர் அன்று முப்பத்து நான்கு பேர் அந்த மேட்டைச் சூழ்ந்து நிற்கிறார்கள். நடுவில் கைடு.

“தேரு சரிவுல பிச்சுக்கிட்டு ஓடுது. ஜனம் அலறுது. ஒத்த ஆளா குறுக்க நின்னு, தோளைக் குடுத்து நிறுத்துனாரு பாருங்க, அவருதான் இவரு!”

“எங்கப்பா தேர் வடத்தையே தொட்டதில்லைய்யா! இடுப்பு வலிக்காரரு!” என்று கத்தினேன்.

“பாத்தீகளா? அன்னைக்கு வந்த வலிதான்!” என்றார் கைடு. அன்று அந்த மேட்டில் இருபத்தேழு மெழுகுவர்த்திகள் எரிந்தன. மெழுகைச் சுரண்ட எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

அடுத்த வருஷம் புதிதாக ஒரு பங்குச் சாமியார் வந்தார். தோட்டத்தில் இடமில்லை. கட்டாத மேடுகளைப் பத்து வருஷம் கழித்துத் தோண்டி, எலும்புகளை ஓரமாகச் சேர்த்துவிட்டு, அந்த இடத்தில் புதியவர்களை வைப்பது எங்கள் ஊர் வழக்கம். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் பட்டியலை வாசித்தார். பத்தொன்பது பெயர்கள். பதினொன்றாவது அப்பா. அந்த வாரம் எனக்கு எந்தக் கணக்கும் கூடவில்லை. நாற்பத்தோரு பிள்ளைகள் இருந்த வகுப்பை நாற்பத்து மூன்று என்று எண்ணினேன்.

சனிக்கிழமை காலை தோட்டத்துக்குப் போனேன். தோண்ட வேண்டிய மேடுகளைச் சுற்றிக் கைடு சுண்ணாம்புப் பொடி தூவியிருந்தார். எண்ணினேன். பதினெட்டு. சாமியாரும் எண்ணிவிட்டார்.

“என்னப்பா, ஒண்ணு குறையுதே?”

“சாமி, தேரை நிறுத்துன மனுசனைத் தோண்டிப்புட்டா வர்ற சனத்துக்கு நான் எதைக் காட்டுவேன்? பஸ்ஸே வராதுங்க.”

சாமியார் என் பக்கம் திரும்பினார். “வாத்தியார், நீங்க சொல்லுங்க. இவர் சொல்றது நிஜமா?”

கைடு என்னைப் பார்க்கவில்லை, மண்வெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கதையை அவர் சொல்ல ஆரம்பித்தது அப்பா போன ஒன்பதாவது வருஷத்தில் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

“நிஜந்தாங்க சாமி” என்றேன்.

சாமியார் போனபின் கைடு கிட்டே வந்தார். “எம்புட்டுத் தூரம் தேரு அவரைத் தள்ளிக்கிட்டுப் போச்சுன்னு யாராச்சும் கேட்டா ரெண்டு பேரும் ஒண்ணாச் சொல்லணும். பன்னெண்டு அடின்னு வச்சுக்குவோமா?”

“பதினாலு” என்றேன்.

அறுபதுகளின் கடைசியில் கைடும் போய்ச் சேர்ந்தார். அப்பாவுக்கு அடுத்து எட்டாவது மேடு. அவருக்கும் யாரும் கல்லறை கட்டவில்லை. அடுத்த ஈஸ்டருக்குப் பஸ்ஸில் வந்த ஒருவர் அந்த மேட்டைக் காட்டி, “இது யாருங்க?” என்று கேட்டார்.

“ஆயிரம் பேருக்குக் குழி வெட்டினவருங்க” என்றேன்.

என் நோட்டுக் கணக்கில் இருப்பது இருநூற்றுப் பதினான்கு குழிதான்.