காந்த ஊசிக்கு வைத்த பொட்டு

நான் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் பூமியை ஏமாற்றப் பார்த்திருக்கிறேன். அதுவும் ஒரு ஸ்டிக்கர் பொட்டை வைத்து. (மனிதர்களை ஏமாற்றியதெல்லாம் இதில் சேராது.)

சுனாமிக்கு அடுத்த வருடம். மரக்காணத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியையாகச் சேர்ந்திருந்தேன். தினமும் திண்டிவனத்திலிருந்து பஸ். உப்பளம் கண்ணில் பட்டதும் கைக்கண்ணாடியை எடுத்துப் பொட்டைச் சரிசெய்துகொள்வேன். அந்த வெள்ளை உப்புக் குவியல்களைப் பார்த்தபடி இறங்கிய காலைகள் இன்றும் மனதுக்குள் இருக்கின்றன. வேலை மட்டும் இன்னும் நிரந்தரமாகவில்லை.

போர்வை, பால்பவுடரோடு வந்த நிவாரணப் பெட்டிகளில் ஒன்றில், யாரோ புண்ணியவான் ஆய்வகக் கருவிகளை அனுப்பியிருந்தார். அதில் ஒன்று சரிவு வட்டம். நிற்கவைத்த வட்டத் தகட்டின் நடுவே மேலும் கீழும் ஆடும் காந்த ஊசி. வடக்கு தெற்காகத் திருப்பி வைத்தால், பூமியின் காந்தம் ஊசிமுனையை எவ்வளவு கீழே இழுக்கிறது என்று டிகிரியில் காட்டும். பாடப்புத்தகப் படத்தில் ஊசி நன்றாகத் தலைகுனிந்து நின்றது. எங்கள் ஊசியோ மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாயைப் போட்டது மாதிரி படுத்துக் கிடந்தது.

பிளஸ் ஒன் அஞ்சலை குனிந்து பார்த்து, நோட்டில் ஏழு என்று எழுதினாள்.

"ஏழா? உப்புக்காத்துல துருப்பிடிச்சு மாட்டிக்கிச்சு. அழி."

"மாட்டிக்கலைங்க டீச்சர். தட்டினா ஆடுது. ஆடி ஆடி அங்கயேதான் வந்து நிக்குது."

அவள் அப்பா அம்மா இருவரும் உப்பளத்தில் பாத்திக்கு மட்டம் பார்ப்பவர்கள். ஒரு விரல் சரிவைக்கூடக் கண்ணாலேயே பிடிக்கிற வீடு. நான் விடுவேனா? "டீச்சர் நீயா, நானா?" என்றேன். அழித்தாள். தாளில் ஓட்டை விழுந்தது.

மறுநாள் மாவட்டத்திலிருந்து ஆய்வுக்கு அதிகாரி வருவதாகத் தகவல். அவருடைய ரிப்போர்ட்டில்தான் என் வேலை தொங்கிக்கொண்டிருந்தது. அவர் வரப் பத்து நிமிடம் இருக்கையில், ஊசி பழையபடி படுத்திருந்தது. எனக்கு வியர்த்தது. நெற்றியைத் துடைத்தபோது பொட்டு விரலோடு வந்தது. வந்தது பொட்டு மட்டுமல்ல, புத்தியும்தான். (கெட்ட புத்தி.)

கண்ணாடிக் கதவைத் திறந்து, ஊசியின் வடமுனைக்குப் பின்பக்கம் ஒட்டினேன். ஊசி சரசரவென்று இறங்கி நாற்பத்தைந்தில் நின்றது. புத்தகத்தில் இருந்த படமேதான்! கடைசி பெஞ்சில் அஞ்சலை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதிகாரி ஒரு காலத்தில் இயற்பியல் வாத்தியாராம். எனக்கு யார் சொன்னார்கள்? ஊசியைப் பார்த்தார். ஜன்னல் வழியே உப்பளத்தைப் பார்த்தார்.

"ஏம்மா, இது மரக்காணம்தானே?"

"ஆமாங்க சார்."

"இந்த ஊசிப்படி பாத்தா நாம டெல்லிக்கு அந்தாண்ட இருக்கோம். நான் கம்பளிகூட எடுத்துட்டு வரலையே!"

குனிந்தார். நகத்தால் பொட்டைப் பிய்த்தார். ஊசி எழுந்து, ஆடி, ஏழில் போய் நின்றது. அவர் விரலில் இருந்த பொட்டைப் பார்த்தார், பிறகு என் வெறும் நெற்றியைப் பார்த்தார். வகுப்பே கூரை பிய்ந்துபோகிற மாதிரி சிரித்தது.

"ஊசி துளிகூடச் சாயாம படுக்குற கோடு ஒண்ணு இருக்குது. காந்த நடுக்கோடு. அது திருநெல்வேலி பக்கமா போகுது. நாம அதுக்குக் கொஞ்சம் வடக்கால இருக்கோம். அதான் லேசா குனியுது. ஏழுன்னு இங்க யாருமே பாக்கலையா?"

சிரிப்பு நின்றது. அஞ்சலை நோட்டை மூடினாள். என்னைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனசில்லை. அதுதான் என்னைக் கொன்றது.

"அஞ்சலை பாத்தா சார். நான்தான் திட்டி அழிக்க வெச்சேன்" என்றேன். அவள் பக்கம் திரும்பி, "தப்பு என்மேலதாம்மா. திரும்ப எழுது" என்றேன். ஓட்டைக்குப் பக்கத்தில் ஏழு என்று பெரிதாக எழுதினாள்.

வேலை நிரந்தரமானது, ஆறு மாதம் தள்ளி. அடுத்த வருடம் என் கல்யாணத்துக்கு அஞ்சலை வந்து ஒரு சின்னப் பொட்டலம் கொடுத்தாள். மாமியார் எதிரிலேயே பிரித்தேன். எல்லா அளவிலும் ஸ்டிக்கர் பொட்டு அட்டைகள். உள்ளே ஒரு சீட்டு: 'டீச்சர், இதெல்லாம் நெத்திக்கு மட்டும்.'

"என்னம்மா இது?" என்று மாமியார் கேட்க, புகுந்த வீட்டில் நான் சொன்ன முதல் கதை இதுவாகிவிட்டது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாராவது கொஞ்சம் கூட்டிச் சொன்னால் போதும். போன வாரம்கூட, வீட்டில் புடவை மடித்துக்கொண்டே போனில், "இதோ, பஸ் ஸ்டாண்டுக்கு வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து மகள் கத்தினாள்:

"அம்மா, பொட்டை எடுத்துட்டுச் சொல்லு!"