மீசைக்காரருக்கு அஞ்சலி

பெட்டியின் கண்ணாடிக்குள் கண்மூடிப் படுத்திருந்தவர் நெப்தலி இல்லை.

எலியேசருக்குத் தூக்கிவாரிப் போட்டது. நெப்தலிக்கு மீசையே கிடையாது. இந்த மனிதருக்கோ உதட்டை மறைக்கும் மீசை. பொகோட்டாவின் அந்த இறுதிச் சடங்கு நிலையத்தில் மாடிக்கு நாலைந்து அறை, அறைக்கு ஒரு பிணம். லிஃப்டை விட்டு இடப்பக்கம் திரும்ப வேண்டியவர் வலப்பக்கம் திரும்பிவிட்டார்.

உடனே வெளியே வந்திருக்கலாம்தானே? வந்திருப்பார், பொகோட்டாக்காரராக இல்லாதிருந்தால். அந்த ஊரில் காலை மிதித்தவனிடம் மிதிபட்டவர்தான் கூச்சப்பட்டு மன்னிப்புக் கேட்பார். பிணத்தின் முகத்தைப் பார்த்த கையோடு திரும்பினால் வீட்டார் என்ன நினைப்பார்கள்?

ஒப்புக்கு உட்கார்ந்துவிட்டுக் கிளம்பலாம் என்று கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். கறுப்புச் சால்வை போர்த்திய அம்மாள் ஒருத்தி வந்து அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"ரொம்பப் பழக்கமோ?"

"ஆமாம்மா," என்றது வாய். பாழாய்ப்போன வாய்!

"அப்ப இங்க என்ன மூலையில? முன்னால வாங்கய்யா."

முன்வரிசைக்குப் போனார். காபி வந்தது. குடித்துவிட்டு ஓடினால் அசிங்கம். ஜெபமாலை தொடங்கியது. நடுவில் எழுந்தால் அதைவிட அசிங்கம். பக்கத்து அறையில் நெப்தலியை நாலு மணிக்கு எடுத்துவிடுவார்கள். இப்போதே மூன்றரை.

இருவரும் ஒரே பள்ளியில் வாத்தியார்கள். நெப்தலியின் பிரிவு உபசார விழாவில் எலியேசர் சிரிப்புக் காட்டுகிறேன் பேர்வழி என்று அவருடைய திக்குவாயை நடித்துக் காட்டினார். கூட்டம் வயிறு வலிக்கச் சிரித்தது. நெப்தலி மட்டும் தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளே போய் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கூசிப்போய், தெருவில் அவர் தலை தெரிந்தால் எதிர்ச்சாரிக்கு மாறினார். வருஷங்கள் ஓடிவிட்டன. இன்று பெட்டியிடமாவது சொல்லிவிடலாம் என்றுதான் வந்திருந்தார்.

ஜெபம் முடிந்தது. நழுவுவதற்காக மெல்ல எழுந்தார்.

"ஐயா பேசப்போறார்!" என்றாள் சால்வை அம்மாள்.

அத்தனை கண்களும் திரும்பின. முன்பின் தெரியாதவரைப் பற்றி என்னத்தைப் பேசுவது? ஸ்பானிஷ் மொழி வாத்தியாருக்குச் சொல்லை விட்டால் வேறு என்ன தெரியும்?

"கூச்சத்துக்கு நாம 'பெனா'ங்கறோம். துக்கத்துக்கும் அதையேதான் சொல்றோம். ஏன் சார்னு பிள்ளைங்க கேப்பாங்க. ஆதியில லத்தீன்ல அதுக்குத் தண்டனைன்னு அர்த்தம்பேன். ஏதோ புத்தகத்துல படிச்சதைச் சொல்லிக்கிட்டிருந்தேன். இன்னிக்குத்தான் உறைக்குது." பெட்டியின் பக்கம் திரும்பினார். "மன்னிச்சுடுப்பா. உன்னைப் பார்த்து ஊரைச் சிரிக்க வச்சேன். அப்புறம் உன் முகத்தைப் பார்க்கவே கூசிப்போச்சு."

மீசைக்காரர் பேசாமல் கேட்டுக்கொண்டார். அறையே விசும்பியது.

வெளியே பெட்டி வண்டி உருளும் சத்தம். நெப்தலி போகிறார்! எலியேசர் பாய்ந்தார். ஆளாளுக்கு அவரைக் கட்டிப்பிடித்தார்கள். ஒவ்வொருவராக விலக்கிக்கொண்டு வாசலுக்கு வருவதற்குள் லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது.

அவர் சுவரில் சாய்ந்து குழந்தைபோல் அழுதார். காபிக் கோப்பைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்த பணிப்பெண் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நான் அந்த அறைக்கு வந்தவன்மா," என்றார். "இவர் யாருன்னே எனக்குத் தெரியாது. இதை இவங்க வீட்டுக்காரங்ககிட்ட எந்த முகத்தோட சொல்லுவேன்?"

"வீட்டுக்காரங்களா? அவருக்கு நாதியே இல்லீங்கய்யா. அந்தச் சால்வை அம்மாவோட சேர்த்து உள்ள இருக்கற அத்தனை பேரும் பக்கத்து அறைக்கு வந்தவங்கதான், எழுந்து போகக் கூச்சப்பட்டுக்கிட்டு உக்காந்திருக்காங்க."